ஊறுகாய் பாட்டிலில் பிரேக் ஆயில்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை இல்லை. கவுஞ்சியில் இந்த மாதம் இப்படி ஒரு நாள் கிடைப்பதே பெரிய விஷயம். இதை விட்டால் ஆகாது என்று வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டேன். ஹேண்டில்பாரின் வலது பக்கம் இருக்கிற பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடியில் ஆயில் அடிக்கோட்டுக்குக் கீழே நின்றது. இவருக்குத் தெரியுமா? தெரியாது. இவருக்கு வண்டி என்றால் சாவி, பெட்ரோல், ஹார்ன். மற்றதெல்லாம் என் சோலி.

பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் குனிந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. டேங்க் மேல் பழைய லுங்கியை விரித்தேன், இந்த ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரிந்துவிடும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தால் உள்ளே கறுத்துக் கிடந்தது. மேலே கொஞ்சம் ஊற்றி மூடிவிட்டுப் போகிற வேலை எனக்கு வராது. முழுசாக மாற்றிவிடுவோம் என்று அவரைக் கூப்பிட்டு லிவர் பக்கம் நிறுத்தினேன். நான் கீழே, சக்கரத்தோரம், ஸ்பேனரும் டியூபுமாக. "புடிங்க" என்றால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கியதும் "விடுங்க" என்பேன், விட வேண்டும். அவ்வளவுதான்.

"பதினாறு வருசமா இதத்தான செய்யிறேன். நீ புடின்னா புடிக்கிறதும் விடுன்னா விடுறதும்" என்றார். கந்தவேலுக்குத் தேவசேனா என்று பேரை மட்டும் பார்த்துக் கட்டி வைத்தார்கள். பேச்சை யாரும் பார்க்கவில்லை.

புது ஆயில் ஊறுகாய் பாட்டிலில் இருந்து. போன கார்த்திகையில் கொடைக்கானலில் வாங்கிய அரை லிட்டர். டப்பா மூடி விரிசல் விட்டதால் அப்போதே பழைய ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றி, வாயில் பிளாஸ்டிக் காகிதம் போட்டு ரப்பர் பேண்டு கட்டி, கொட்டகை ஜன்னலில் வைத்திருந்தேன். ஒரு வருஷமாக அதையே ஓட்டுகிறேன். இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. ஊற்றி, கோடு வரைக்கும் ஏற்றி, மூடியைப் போட்டதும் லிவர் கல் மாதிரி நின்றது.

அடுத்த வீட்டு வாசலில் கொழுந்தன் கோகுல்ராஜ் நின்று வேடிக்கை பார்த்தான். "மெக்கானிக்கம்மா, எங்க வீட்டு மிக்சியும் ஓடல" என்றான். அவன் பெண்டாட்டி ரம்யா உள்ளேயிருந்து, "அக்கா, மொதல்ல இவர சரி பண்ணுங்க" என்றாள். பழனி அடிவாரத்தில் அப்பா வண்டி ஸ்டாண்ட் வைத்திருந்ததில் எனக்கு மிஞ்சியது இந்தப் பட்டப்பேர் ஒன்றுதான். பிடித்திருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

மூன்று நாளாக மஞ்சு மூட்டம் இறங்கி எதிர்வீடு தெரியவில்லை. உப்பு ஜாடியில் பாதி தண்ணீர். அடுப்புக்கு மேல் பலகையில் ஏற்றி வைத்தேன். தீப்பெட்டியையும்.

அக்டோபர் 17, வியாழன்

போன் வந்தது. அடுக்கம் ரோட்டில், ஒரு வளைவில் வண்டி விழுந்துவிட்டதாம். ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்காங்களாம். கோகுலுக்குத்தான் இடுப்பு— யாரும் தெளிவாகச் சொல்ல மாட்டேங்குறாங்க. கிளம்புகிறேன். ரம்யா செருப்பு கூடப் போடாமல் ரோட்டில் நிற்கிறாள்.

அக்டோபர் 20, ஞாயிறு. மதுரை ஆஸ்பத்திரி

(மருந்துச் சீட்டின் பின்னால் எழுதியதை ஊருக்கு வந்து இங்கே ஒட்டினேன்.)

பூண்டு மூட்டைகள் முந்தின நாளே லாரியில் வடுகபட்டிச் சந்தைக்குப் போய்விட்டன. எடை போடும்போது ஆள் நிற்க வேண்டும் என்று அண்ணனும் தம்பியும் வெள்ளனே வண்டியில் கிளம்பினார்கள். வெரசாகப் போய்விடலாம் என்று அடுக்கம் வழியே இறங்கியிருக்கிறார்கள். அங்கே பெருமாள்மலையிலிருந்து பெரியகுளம் வரை ஒரே இறக்கம்.

இவருக்குக் காறை எலும்பும் வலது மணிக்கட்டும். கட்டுப் போட்டாயிற்று. கோகுல் தடுப்புக் கல்லில் முதுகு அடித்து விழுந்திருக்கிறான். இடுப்புக்குக் கீழே ஊசியால் குத்தினால் தெரியவில்லை. டாக்டர் ரம்யாவிடம் பேசும்போது தரையைப் பார்த்துப் பேசினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஸ்கூலுக்கு டப்பா கட்டிக் கொடுத்தது, பரீட்சைக்கு எழுப்பி விட்டது, ரம்யா வீட்டில் போய்ப் பெண் கேட்டது எல்லாம் நான்தான்.

இவர் கண் முழித்ததிலிருந்து ஒரே வார்த்தை. "பிரேக் வரல தேவி. லிவரு ஹேண்டில்பார் வரைக்கும் வந்துருச்சு. பஞ்சு மாதிரி."

அக்டோபர் 25, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனேன். முன்பக்க விளக்கு நொறுங்கி, ஃபோர்க் வளைந்து, வண்டி சுவரோரம் கிடந்தது. ஒரு போலீஸ்காரர் நிமிர்த்தி, என் கண் முன்னாலேயே உருட்டி லிவரைப் பிடித்தார். சக்கரம் டக்கென்று நின்றது. மறுபடி உருட்டினார், மறுபடி நின்றது. "பிரேக் நல்லாத்தானம்மா இருக்கு. அவரு பதட்டத்துல புடிக்காம விட்ருப்பாரு" என்றார்.

இதை எழுதக் கூடாது. ஆனால் எழுதுகிறேன். அந்தச் சக்கரம் நின்றபோது ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. என் வேலை தப்பவில்லை என்று.

நவம்பர் 16, சனி

இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கோகுலைப் பெஞ்சோடு தூக்கி வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான், கதவுதான் இரண்டு. இவர் கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு தம்பி கட்டில் பக்கம் போய் நின்றார்.

"லிவரு முழுசா வந்துருச்சுடா கோகுலு. பின் பிரேக்க மிதிச்சேன், ஈரத்துல சறுக்கிருச்சு."

"முழுசா வந்த லிவரு எப்படிண்ணே போலீசு கையில மட்டும் நிக்கும்?" என்றான் அவன். சத்தம் போடவில்லை. "நீ பயந்துட்ட. பயந்துட்டேன்னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வண்டி மேல பழியப் போடாத."

இவர் மறுபடியும் லிவர் என்றார். கோகுல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. இவர் நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து, நல்ல கையால் காற்றில் லிவரைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார். அந்தப் பக்கம் ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. ஊரில் இவர் குடித்திருந்ததாகவும் பேச்சு. இவர் காப்பியே இரண்டு வாய்க்கு மேல் குடிக்க மாட்டார்.

மாமியார் கருப்பம்மாள் அத்தை அடுப்படியில் வந்து, "ஏத்தா, ஒரு வார்த்த தப்புன்னு சொன்னா அவன் என்ன கொறஞ்சா போயிருவான்? சின்னவன் மனசு ஆறுமுல்ல. நீ சொன்னா கேப்பான்" என்றார்.

நானும் சொன்னேன். "ஏங்க, அந்தப் பிரேக்க நான் பார்த்தேன். நீங்களும்தான லிவரப் புடிச்சீங்க, கல்லு மாதிரி இருந்துச்சு. போலீஸ்காரர் உருட்டும்போதும் நின்னுச்சு. அப்ப எப்படி வராமப் போகும்?" என்னை நிமிர்ந்து பார்த்தார். வண்டியைப் பற்றி நான் சொன்னால் இந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பிறகு அவர் லிவரைப் பற்றிப் பேசவேயில்லை.

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை

விளக்கு வைத்து முடித்ததும் இவர் நேராக அந்த வீட்டுக்குப் போனார். நானும் அத்தையும் பின்னால் போனோம். கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து, தம்பியின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டார். "நான்தான்டா. பிரேக் இருந்துச்சு. நான் புடிக்கல. பயந்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். பதினாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

பாதத்தைப் பிடித்திருப்பது கோகுலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். "சரிண்ணே. மேல வந்து உக்காரு" என்றான்.

அண்ணே என்று கூப்பிட்டுவிட்டான். ரம்யா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

இவர் இடது கையால் தம்பிக்குச் சவரம் செய்துவிட்டார். ஒரு பக்க மீசை ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கோகுல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு.

டிசம்பர் 27, வெள்ளி

ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டுவிட்டார்கள். மூஞ்சிக்கல்லில் இருக்கும் மெக்கானிக் சுப்புராஜ் போன வாரமே எடுத்து வந்துவிட்டான். என்ன செலவாகும் என்று பார்க்கத்தான் போனேன். பேச்சுவாக்கில், லிவர் பஞ்சு மாதிரி ஆச்சு என்று இவர் சொன்னதைச் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அண்ணே அப்படியா சொன்னாரு? பழைய ஆயிலா இருந்தா அப்படித்தான்க்கா ஆகும். இந்த ஆயிலு காத்துல இருக்க ஈரத்தக் குடிக்கும். நம்ம ஊரு மஞ்சுக்குக் கேக்கவே வேணாம். அடுக்கம் மாதிரி எறக்கத்துல புடிச்சுக்கிட்டே போனா சூடேறி உள்ள இருக்க தண்ணி கொதிச்சு ஆவியாயிரும். அப்புறம் லிவரப் புடிச்சா ஆவியத்தான் அமுக்குவீங்க, பிரேக் எங்க வரும்?"

"ஆனா அப்புறம் நின்னுச்சே. நானே பார்த்தேன்."

"ஆறுனா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதான்க்கா இதுல கொடுமை." பிறகு கேட்டான். "நீங்க ஊத்துனது சீல் ஒடைக்காத டப்பாதான?"

"ஆமா" என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. மெக்கானிக்கம்மா!

"அப்ப இது இல்லக்கா. வேற என்னமோ" என்று அவன் வேலையைப் பார்த்தான். வண்டியில் இருந்த ஆயில் எங்கே என்று கேட்டேன். வந்த அன்றைக்கே இறக்கிக் கொட்டிவிட்டானாம்.

டிசம்பர் 28, சனி

உப்பு தண்ணீர் விடும், அப்பளம் நமுத்துப் போகும், தீக்குச்சி பற்றாது. எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே ஏற்றி வைத்தேன். அந்த பாட்டிலை மட்டும் ஜன்னலில் வைத்தேன். பிளாஸ்டிக் காகிதத்தில் ஊசி முனை அளவுக்கு நாலைந்து ஓட்டை. ஒரு மழைக்காலம் முழுக்க.

எண்ணெய்தானே, எண்ணெய்க்கு எப்படித் தண்ணீர் சேரும் என்றுதான் நினைத்தேன். இல்லை. நினைக்கவே இல்லை.

அவர் சொன்னது நெசம். முதல் நாளிலிருந்து நெசம். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அரை பாட்டில் மீதி இருந்தது. தோட்டத்து ஓரம் கொட்டினேன். பாட்டிலை உடைத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

2025 ஜனவரி 3, வெள்ளி

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சொல்லவில்லை.

ஜனவரி 30, வியாழன்

ரம்யா தட்டு நிறைய முறுக்கு கொண்டு வந்து, "மாமாவுக்குப் புடிக்குமே" என்றாள். தப்பை ஒத்துக்கொண்டவருக்கு மரியாதை. தப்பே செய்யாதவருக்கு மரியாதை. என் கையால் தட்டை வாங்கி வைத்தேன்.

அவர் இரவில் தூங்குவதில்லை. நான் சும்மாதான் பிடித்தேனா, பிடிக்கவே இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். ஞாபகமே மாறிப் போய்விட்டது. தன் கையையே நம்பாத மனுஷனாக்கி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய். பூசம்

அத்தை பழனிக்குப் போயிருக்கிறார். வீட்டில் நாங்கள் மட்டும். சொல்லிவிட்டேன்.

"நான் ஊத்துனது ஒரு வருசம் தொறந்து கெடந்த ஆயில். தண்ணி சேந்து போச்சு. சூட்டுல கொதிச்சுருச்சு. நீங்க சொன்ன மாதிரிதான், லிவரு முழுசா வந்திருக்கும். நீங்க பயப்படல. நான்தான் எல்லாத்துக்கும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

இவர் எழுந்து கொட்டகைப் பக்கம் பார்த்தார். "அந்த பாட்டில் எங்க?"

"ஒடச்சுப் புதச்சுட்டேன்."

"ஆயிலு?"

"கொட்டிட்டேன்."

தலையை ஆட்டினார். நான் அழுதுகொண்டே, சுப்புராஜுக்குப் போன் போடுங்கள், அவன் சொல்வான் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார். சுப்புராஜ் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னான், நான் சொன்னபடியேதான். கடைசியில், "ஆனா அதுக்கு வாய்ப்பில்லண்ணே. சீல் ஒடைக்காத டப்பாதான் ஊத்துனேன்னு அக்காவே சொன்னாங்களே" என்றான்.

போனை வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். அவ்வளவு மெதுவாக. "அவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்து எனக்காகச் சொல்றியா? நீதான புள்ள அன்னைக்குச் சொன்ன, கல்லு மாதிரி இருந்துச்சுன்னு. வேணாம். நான் ஒத்துக்கிட்டாச்சு. நீ எதுக்கு இதச் சொமக்குற?"

கத்தினேன். காலில் விழுந்தேன். நான் சொல்லச் சொல்ல அவர் கண் நிறைந்தது. என்னைப் போல ஒருத்தி கிடைக்க என்ன செய்தேனோ என்கிறார். அடிச்சிருக்கலாம். ஒரு அடி அடிச்சிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர் நம்பாவிட்டால் போகட்டும், அவன் நம்பினால் போதும் என்று போனேன். இவரிடம் சொல்லவில்லை. கோகுல் முழுக்கக் கேட்டான், குறுக்கே பேசவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

"அவன் அனுப்புனானா?" என்றான்.

அவன். அண்ணே இல்லை.

"இல்லப்பா, சத்தியமா இல்ல. அவருக்கே தெரியாது நான் இங்க வந்தது."

"கால புடிச்சுட்டு அழுதானே மதினி, அப்ப அது என்ன? ரெண்டு மாசத்துல கசந்துருச்சாக்கும். மறுபடியும் வண்டி மேல கொண்டுவந்து நிறுத்திட்டான். தானா சொல்ல மூஞ்சியில்ல, உங்களப் பேச வச்சிருக்கான்."

நான் கட்டிலோரம் மண்டியிட்டுக் கடவுள் பேரெல்லாம் சொன்னேன். ரம்யா என்னைப் பிடித்து எழுப்பினாள்.

"நீங்க எனக்குச் சோறு போட்டவங்க" என்றான் கோகுல். "உங்க வாயால பொய் சொல்ல வச்சுட்டான் பாருங்க. கால் போனதக் கூடத் தாங்கிக்கிட்டேன். இதத் தாங்க முடியல. அவன இனிமே இந்தப் பக்கம் வரச் சொல்லாதீங்க."

வெளியே வந்தபோது இவர் சவரக் கத்தியும் கிண்ணத்துத் தண்ணீருமாக வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை. ரம்யா கதவைச் சாத்தினாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான்தான் ஒத்துக்கிட்டேனே. அப்புறம் எதுக்கு தேவி போய்ப் பேசுன?"

மார்ச் 3, திங்கள்

ரம்யாவின் அப்பா அய்யம்பாளையத்திலிருந்து வேன் கொண்டு வந்தார். அங்கே வெயில் உண்டு, வீடு தரையோடு இருக்கிறது, சக்கர நாற்காலி ஓட்டலாம். இங்கே எல்லாம் படி. அதுதான் காரணம் என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னார்கள். கோகுல் என்னை மட்டும் கூப்பிட்டு, "ஒடம்பப் பாத்துக்கங்க மதினி" என்றான். பூண்டு கட்டித் தொங்கவிட்டிருந்த கொட்டகைக்குள் இவர் நின்றுகொண்டிருந்தார். வேன் வளைவு திரும்பும் வரைக்கும் வெளியே வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

சாவி என்னிடம். அந்த வீட்டு அடுப்புப் பலகையில் உப்பு ஜாடி அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் போட்டேன். ரம்யா எடுத்தாள். பின்னால் கோகுல் குரல் கேட்டது. இவருக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டதும் கட் ஆகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

சுப்புராஜ் வண்டியை முடித்து அனுப்பிவிட்டான். விற்கக் கேட்டுப் பார்த்தோம், விபத்து வண்டி என்று யாரும் தொடவில்லை. தோட்டத்துக்குப் போய்வர இவருக்கும் வேறு வழியில்லை. மணிக்கட்டு இப்போது பரவாயில்லை.

அத்தையின் அண்ணன் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். இவர் அவர்களிடம் என்னைக் காட்டி, "எனக்காகப் பழியத் தன் மேல போட்டுக்கப் பார்த்தா இவ" என்று சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை. நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் கிளம்பியதும் வண்டியை வெளியே இழுத்து நிறுத்தினார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். பிரேக் ஆயில், சீல் உடைக்காதது. "சுப்புராஜுகிட்ட முழுசா ஊத்த வேணாம்னுட்டேன், கோட்டுக்குக் கீழ நிக்குது. ஒன் கையால ஊத்து. நீ பாத்தாத்தான் எனக்கு ஓட்டத் தைரியம் வரும்" என்றார்.

லுங்கியை விரித்தேன். இரண்டு ஸ்க்ரூ. கோடு வரைக்கும் ஊற்றி மூடினேன். டப்பாவில் முக்கால்வாசி மீதி. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஓரம் போய், போன முறை கொட்டியதில் கருகி இன்னும் புல் முளைக்காத அதே இடத்தில் கவிழ்த்தேன்.

பின்னாலேயே வந்தவர், "எதுக்கு புள்ள வீணாக்குற? மூடி ஜன்னல்ல வச்சா அடுத்த வருசத்துக்கு ஆகுமுல்ல" என்றார்.